ஒட்டும் முன் உட்கார வைத்துப் பார்: சிறுவயதில் கட்டிய பிளாஸ்டிக் விமானங்கள்

1970களின் நடுவில் சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கின் பழைய கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்த பையன்களுக்கு விமானமும் கப்பலும் அன்றாடக் காட்சிகள். பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறை 1968இல் சிங்கப்பூர் நிறுவனமாக மாறிய பிறகும் தமிழரும் மலையாளிகளும் அங்கே பெருந்தொகையாக வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான என் அப்பா வெல்டர். மேற்கே தெங்கா விமானத் தளத்தில் சிங்கப்பூர் ஆகாயப் படையின் ஹாக்கர் ஹண்டர் போர் விமானங்கள் 1970 முதல் இருந்தன. தேசிய தின ஒத்திகைக் காலத்தில் அவை வானில் தென்பட்டால் கோலிக்குண்டு ஆட்டம் அப்படியே நின்றுவிடும். ஆகவே பிளாஸ்டிக் மாடல் கிட் எங்கள் கைக்கு வந்தபோது அது எதன் வடிவம் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைக் கட்டும் முறையைத்தான் கற்க வேண்டியிருந்தது.

கிட்டுகள் நம் கைக்கு எட்டும் விலையில் இருந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. 1939இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1949இல் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு மாதிரியை அந்த டிராக்டர் நிறுவனத்தின் விற்பனையாளர்களுக்காக வார்த்துக் கொடுத்தது. 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பழைய பாய்மரக் கப்பலின் மாதிரியை உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்க வேண்டியிருந்ததால், அட்டைப் பெட்டியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே மடித்த காகிதத்தை வைத்துக் கம்பி அடித்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பிட்ஃபயர் விமானம் வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் பழைய சரக்காகத் தொங்கிய பைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. மேற்காகிதத்தைப் பிரித்து விரித்தால் அதன் உட்புறத்தில் செய்முறை அச்சிடப்பட்டிருக்கும். இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் பிடிக்கிறது. தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, சேர்த்து வைத்தால் அப்படி ஒரு பையை வாங்கிவிடலாம். பசைக்குழாய்க்கும் சாயத்துக்கும்தான் அம்மாவிடம் மன்றாட வேண்டும்.

என் முதல் கிட், 1/72 அளவு, அதாவது உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு நீளமுள்ள ஸ்பிட்ஃபயர். தமிழ் முரசின் பழைய தாள்களைத் தரையில் விரித்து அதன்மேல் பையைக் கொட்டியபோது, சட்டம் சட்டமாக இருந்த பிளாஸ்டிக்கில் இறக்கைகளும் சக்கரங்களும் விமானியும் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தனர். அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீன் பாய்ந்து சென்ற வாய்க்கால்கள்தாம் அந்தச் சட்டம் என்றும், பாகமும் சட்டமும் சேரும் மெல்லிய கழுத்து பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாசல் என்றும் அப்பா பார்த்த மாத்திரத்தில் சொன்னார். அவருக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வார்ப்பையும் வரைபடத்தையும் நன்றாகத் தெரியும். குடியிருப்பில் எல்லாப் பையன்களும் பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில், நகவெட்டியால் கழுத்தைச் சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சிய எச்சத்தை ஒரு பக்கம் நாடா சுற்றிய பிளேடால் சீவி, கடைசியில் உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னவர் அவர். முறுக்கிப் பிய்த்தால் பாகத்தின் உடலிலிருந்தே ஒரு துணுக்கு பெயர்ந்து வந்துவிடும். பாகத்தை ஒட்டியே ஒரே வெட்டாக வெட்டினாலோ அழுத்தத்தில் பிளாஸ்டிக் வெளுத்துத் தழும்பு விழும். இப்போது இதற்கென்றே ஒரு பக்கம் தட்டையான வெட்டுக்குறடு கிடைக்கிறது. இருந்தாலும் முதலில் தள்ளி வெட்டுவது, பிறகு நெருங்கி வெட்டுவது, கடைசியில் தேய்ப்பது என்ற வரிசை அதற்கும் பொருந்தும்.

பசையைத் திறக்க அவர் எளிதில் விடமாட்டார். “தம்பி, ஒட்றதுக்கு முன்னாடி உக்கார வெச்சுப் பாருடா” என்பார். பட்டறையில் இரும்புத் தகடுகளைப் பற்றவைப்பதற்கு முன் அவற்றை ஒன்றோடொன்று நிறுத்தி இடைவெளி பார்ப்பதே அவரது பாதி வேலை. அதையேதான் என்னிடமும் கேட்டார். விமான உடலின் இரண்டு பாதிகளையும் பசையில்லாமல் சேர்த்து, நூலால் கட்டி, இறக்கையைச் செருகி, எந்த இடத்தில் இடிக்கிறது, எந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது என்று சன்னல் பக்கம் பிடித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உட்புறத்தில் உள்ள ஒரு சிறு பிசிறோ, அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசியின் வட்டத் தடமோதான் இடைஞ்சலாக இருக்கும். அதைச் சீவிவிட்டால் பாகம் தானாக உட்கார்ந்துவிடும். அதைச் செய்யாமல் பசையை மட்டும் கூடுதலாகப் பிதுக்கினால், பாகங்கள் சேராமலே பசை வெளியே வழியும்.

அந்தப் பசை காகிதத்துக்குப் பூசும் கோந்தைப் போல இரண்டு பரப்புகளுக்கு நடுவில் ஒரு படலமாக நின்று இழுத்துப் பிடிப்பதில்லை. அதில் இருக்கும் கரைப்பான் இரு பக்கத்துப் பாலிஸ்டைரீனையும் மேலாக இளக்குகிறது. இளகிய பரப்புகளை அழுத்தும்போது அவற்றின் நீண்ட மூலக்கூறுகள் பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப இதுவும் வெல்டிங்தானே” என்று அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டார். இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில செய்திகள் கிடைக்கின்றன. சாயம் பூசிய பரப்பில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் சேரும் இடங்களில் சாயத்தைச் சுரண்டிவிட வேண்டும். கூடுதல் பசை வலுவைக் கூட்டாமல் பரப்பை உருக்கும். பாலிஎதிலீன் போன்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த மென்மையான சிறு பொம்மை வீரர்கள் இதில் ஒட்டவே மாட்டார்கள். குழாய்ப் பசையைவிட, தூரிகை பொருத்திய மூடியோடு புட்டியில் வரும் நீர்த்த பசை பிள்ளைகளுக்கு நல்லது: இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்புக் கோட்டைத் தூரிகையால் தொட்டால் போதும், திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். சன்னல்களைத் திறந்து வைப்பது கட்டாயம். எங்கள் வீட்டில் அந்த நெடிக்காகவே என்னை வெளித் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்; நடந்தது நல்லதுக்கே.

சின்ன விமானங்களைக் கட்டுவதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் வரிசை பற்றியது. செய்முறைத் தாளில் எண்கள் இருக்கும். ஆனால் சாயத்தை எந்த எண்ணுக்கு முன் பூச வேண்டும் என்பதை அது பல நேரங்களில் சொல்லாது. உடலின் பாதிகளை மூடிவிட்டால் விமானியின் முகத்துக்குச் சாயம் பூச முடியாது. இருக்கையின் பின்னாலுள்ள சுவருக்குத் தூரிகை போகாது. ஆகவே வேலை தொடங்குவதற்கு முன் செய்முறைத் தாள் முழுவதையும் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்து, எந்தக் கட்டத்துக்குப் பின் எந்த இடம் கைக்கு எட்டாமல் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஜெட் விமானங்களில் இது இன்னும் முக்கியம். மூக்கின் கீழே ஒரு சக்கரமும் இறக்கைகளின் கீழே இரண்டும் கொண்ட விமானத்தில் எடை முழுவதும் பின்னால் இருந்தால், மாதிரி வாலைக் கீழே ஊன்றிக்கொண்டு மூக்கைத் தூக்கி நிற்கும். அதற்காக உடலை மூடும் முன் மூக்கினுள் மீன்பிடி ஈயக்குண்டோ களிமண்ணோ வைக்க வேண்டும். எவ்வளவு என்று தெரிய, எல்லாப் பாகங்களையும் நாடாவால் தற்காலிகமாகக் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன்மேல் நிறுத்திப் பார்த்தால், மூக்கு இறங்கும்வரை எடையைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இந்தப் பாடங்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து தேவைப்பட்டது ஹண்டரில்தான். தலைக்கு மேலே பறக்கும் விமானத்தையே மேசைமேல் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை எங்கள் குடியிருப்பில் ஒரு தொற்றாகப் பரவியிருந்தது. உண்மை ஹண்டரின் இறக்கை விரிவு 10.26 மீட்டர், நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். 1/72 என்றால் இவை 14 சென்டிமீட்டரும் 19 சென்டிமீட்டரும் ஆகும். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான். இந்தக் கணக்கை அப்பா சொல்லிக் கொடுத்த அன்று, சாலையில் சாக்பீஸால் 14 மீட்டரை அளந்து கோடு போட்டு, நடுவே நின்று, கையிலிருந்த பிளாஸ்டிக் உடலைப் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் விகிதம் என்ற பாடம் வருவதற்கு முன்பே அது எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

கடையில் கிடைத்த ஹண்டர் பெட்டியில் இருந்தவை பிரிட்டிஷ் ஆகாயப் படையின் நீல, வெள்ளை, சிவப்பு வட்டங்கள். நாங்கள் பார்த்த ஹண்டர்களிலோ சிவப்பும் வெள்ளையும் சீன யின்-யாங் சின்னத்தைப் போல வளைந்து சேரும் வட்டம் இருந்தது. 1990இல் சிங்கத் தலைச் சின்னம் வரும்வரை அதுதான் வழக்கில் இருந்தது. பிரிட்டிஷ் வட்டத்தோடு விட்டுவிடுவது எங்களில் எவருக்கும் சம்மதமில்லை. தூரிகையால் அந்த வளைவை வரைவதோ பத்து வயதுக் கைக்கு ஆகாத காரியம். பக்கத்து வீட்டில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஓர் அண்ணன் வடிவகணிதத்தால் வழி காட்டினார். மிச்சமிருந்த டீகால் (தண்ணீரில் நனைத்து மாதிரிமேல் ஒட்டும் மெல்லிய அச்சுப் படம்) தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்தும், சிவப்புச் சாயம் பூசிக் காயவைத்த பகுதியிலிருந்தும், தோல் வேலைக்குப் பயன்படும் துளைக்குழாயால் பெரிய வட்டங்களையும் அவற்றில் பாதி விட்டமுள்ள சிறிய வட்டங்களையும் வெட்டச் சொன்னார். பெரிய வெள்ளை வட்டத்தின் ஒரு பாதிமேல் சிவப்பு அரைவட்டத்தை ஒட்டி, பிரிகோட்டின் ஒரு முனையிலிருந்து கால் பங்கு தூரத்தில் சிவப்புச் சிறுவட்டத்தின் நடுவும் மறுமுனையிலிருந்து கால் பங்கு தூரத்தில் வெள்ளைச் சிறுவட்டத்தின் நடுவும் வரும்படி வைத்தால், வளைவு தானாகப் பிறந்துவிடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் டீகாலின் விளிம்புகள் தெரியும். ஆனால் கையெட்டும் தூரத்தில் அது சிங்கப்பூர் ஹண்டர்தான். கிட்டில் இல்லாத ஒன்றைக் கிட்டில் இருப்பதைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்பதை நான் கண்டது அங்கேதான், அதற்குப் பிறகு பெட்டியின் படத்தில் உள்ளபடியே கட்டுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

டீகால் பற்றித் தனியே சில சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல வேலையைக் கடைசி நேரத்தில் கெடுப்பது அதுவே. தேவையான படத்தை மட்டும் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடிகள் நனைத்து, வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரலால் மெல்லத் தொடும்போது நகர்ந்தால் அது தயார். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் அடியிலுள்ள கோந்து கரைந்து போய்விடும். மங்கலான சாயத்தின்மேல் நேராக ஒட்டினால், அந்தச் சொரசொரப்பின் குழிகளில் காற்று தங்கி, படத்தைச் சுற்றி வெள்ளி போல மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டீகால், காய்ந்த பின் மங்கல் வார்னிஷ் என்ற வரிசை இதற்கு மருந்து. பழைய பெட்டியிலிருந்து வரும் டீகால் மஞ்சளித்திருந்தால், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடுகிறது.

சாயத்துக்கு எங்களிடம் இருந்தவை ஹம்ப்ரோலின் 14 மில்லிலிட்டர் எனாமல் டப்பாக்கள். ஹண்டரின் மேற்பக்கத்துக்குப் பச்சையும் அடர்ந்த சாம்பலும் வேண்டும். டப்பாவின் அடியில் நிறமிகள் படிந்திருக்கும் என்பதால் தீக்குச்சியால் அடிவரை கலக்க வேண்டும். மெல்லியதாக இரண்டு பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட எப்போதும் மேல். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னர். அதற்கு முன் பாகங்களைச் சட்டத்தோடு சேர்த்தே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது நலம், ஏனெனில் அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை பாகத்தில் தங்கினால் சாயம் விலகி நிற்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றுக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு: மழை பெய்யும் மாலையில் தெளிப்பு டப்பாவால் லாக்கர் சாயம் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும் குளிர்ச்சியில் பரப்பில் ஈரம் படிந்து, சாயம் புகை படர்ந்தது போல வெளுத்துப் போகும். வெயில் ஏறிய காலைப் பொழுதே அதற்கு ஏற்ற நேரம்.

கண்ணாடிக் கூண்டை, அதாவது விமானியின் தலைக்கு மேல் வரும் ஒளிபுகும் பாகத்தை, வழக்கமான பசையால் தொடவே கூடாது. அதன் ஆவியே பரப்பை மங்கச் செய்துவிடும். சூப்பர் குளூவும் அப்படித்தான். காய்ந்தால் ஒளிபுகும் வெள்ளை மரப்பசையை ஊசிமுனையால் வைத்தால் போதும், அந்த இடத்தில் வலு தேவையில்லை.

பிறகு தமியாவின் டாங்கிகள் வந்தன. 1946இல் ஜப்பானின் ஷிஸுவோகாவில் மர வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம் அது. இராணுவ வாகனங்களுக்கு உலகமே இன்று பயன்படுத்தும் 1/35 அளவுக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை: 1960களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட பேந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது, அடங்கிய அளவே வழக்கமாகிவிட்டது. அவற்றின் செய்முறைத் தாளில் சொற்களைவிடப் படங்கள் பேசின; ஒவ்வொரு பாகமும் எந்தத் திசையிலிருந்து வந்து நுழைகிறது என்பதை அம்புக்குறிகள் காட்டின. அவற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் எந்த இயந்திரத்தின் வரைபடமும் மிரட்டலாகத் தோன்றாது என்பது என் கணிப்பு. டாங்கிகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்மையான வினைல் சக்கரப்பட்டைகளில் உள்ள நெகிழ்விப்பான் காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரங்களை உருக்கிவிடுவதுண்டு; சக்கரங்களுக்குச் சாயம் பூசி நன்றாகக் காயவைத்த பிறகு பட்டையை மாட்டுவது அதை ஓரளவு தடுக்கும்.

என் மகள் கட்டுவது குண்டம் என்ற ஜப்பானிய எந்திர வீரர்களை. பண்டாய் நிறுவனம் 1980இல் முதல் 1/144 கிட்டை 300 யென்னுக்கு விற்றபோது அதற்கும் பசை வேண்டியிருந்தது. இப்போது பசையே இல்லாமல் பாகங்கள் பொருந்திக்கொள்கின்றன, நிறமும் பிளாஸ்டிக்கிலேயே வந்துவிடுகிறது. பசையில்லாத கட்டுமானத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் சலித்துக்கொண்டேன். ஆனால் வெட்டுவதும் சீவுவதும் வரிசை பார்ப்பதும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. மூட்டுகள் அசைய வேண்டும் என்பதால் பொருத்தம் இன்னும் துல்லியமாகவே வேண்டும். பழைய ஆள்களுக்கு மட்டும் ஒரு புதிய எச்சரிக்கை: அழுத்திப் பொருத்தும் இந்தப் பாகங்களில் எப்போதும் ஒரு இறுக்கம் இருப்பதால், கோடுகளை எடுத்துக்காட்ட நீர்த்த எனாமலை ஓடவிட்டால் திடீரென்று விரிசல் விட்டுவிடும். பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு பூசுவது பாதுகாப்பானது.

ஒரு பிள்ளைக்கு முதல் கிட் வாங்குவோருக்கு நான் சொல்வது: பெட்டியின் படத்தைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பாகங்களின் எண்ணிக்கை இருந்தால் அதைப் பாருங்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ள ஒற்றை இயந்திர விமானம் ஏற்றது. இரட்டை இறக்கை விமானங்களும் பாய்மரக் கப்பல்களும் வேண்டாம், அவற்றில் இரண்டு தளங்களை ஒரே நேரத்தில் நேராக நிறுத்த வேண்டியிருக்கும். பிள்ளை ஏற்கெனவே வானிலோ சாலையிலோ பார்த்த ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது, நிறத்தைப் பற்றி உங்களோடு சண்டை போடும் அளவுக்கு அதற்கு விஷயம் தெரிந்திருக்கும். பிளேடு பெரியவர் கையில் இருக்கட்டும், குறடும் உப்புத்தாளும் பிள்ளையிடம் இருக்கட்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பாதியில் நின்ற கிட்டைச் சட்டங்களோடு பெட்டியில் போட்டு வைத்தால் பாலிஸ்டைரீன் பல ஆண்டுகள் கெடாமல் காத்திருக்கும். டீகால் தாளை மட்டும் தனியே எடுத்து, காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்துவிடுங்கள்.